சோல்ஃபாவில் ஒரு சினிமாப் பாட்டு

வெளிநாட்டு மண்டபங்களில் நம் சினிமாப் பாட்டை நூறு வயலின் வைத்து வாசிக்கிறார்களாம். அது நல்லதா கெட்டதா என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். இரண்டு பேர் பெருமை என்றார்கள். மற்ற இரண்டு பேர் நம்முடைய அடையாளம் போயிற்று என்றார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் ஆறு தடவை விளம்பரம் வந்தது. எனக்கு எரிச்சல் அந்த விளம்பரத்தின் மேல்தான். பால்காரர் தாமதித்தாலும் கவலைப்படுகிற ஆள் நான். மழை பெய்தால் கூரையை நினைத்தும், பெய்யாவிட்டால் கிணற்றை நினைத்தும் தூக்கம் வராது. ஆனால் பாட்டு வெளியூர் போய்க் கெட்டுவிடும் என்று மட்டும் எனக்கு ஒரு நாளும் கவலை வந்ததில்லை. அப்படிப் போன பாட்டுக்குத் தாள் எழுதிக் கொடுத்தவன் நான்.

அப்போது குமரி மாவட்டம் என்ற பெயரே கிடையாது. நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். ஆபீசிலிருந்து கடுதாசி மலையாளத்தில் வரும். கோயிலில், அதாவது எங்கள் சர்ச்சில், பாடும் பாட்டுக்குச் சொல் தமிழ், ராகம் பாதிக்குமேல் இங்கிலாந்து. சாயங்காலம் டீக்கடை ரேடியோவைத் திருப்பினால் கொழும்பிலிருந்து தமிழ் சினிமாப் பாட்டு வரும். சென்னை நிலையம் கரகரக்கும். கொழும்பு பக்கத்து வீட்டிலிருந்து பாடுவதுபோலக் கேட்கும். சென்னையில் உண்டான பாட்டு கடல் தாண்டிப் போய், மறுபடியும் கடல் தாண்டித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. ஆகவே பாட்டு கடல் தாண்டுவதை நாங்கள் அதிசயமாக நினைத்ததில்லை.

குளச்சலிலிருந்து முட்டம் போகும் வழியில் இருந்தது எங்கள் சபை. அங்கே ஒரு பேண்டு செட் இருந்தது. ஒன்பது பேர். இரண்டு கிளாரினெட், மூன்று கார்னெட், ஒரு யூஃபோனியம், பெரிய டிரம், சிம்பல், சைடு டிரம். சைடு டிரம் நான். முதல் கிளாரினெட் என் அண்ணன்.

கல்யாணங்களில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. கோயில் மதிலுக்குள் கீர்த்தனைதான் வாசிக்க வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசல் தாண்டி ரோட்டில் கால் வைத்தவுடன் சினிமாப் பாட்டு. போதகர் அதைக் கேளாதவர்போல உள்ளே போய்விடுவார். அவருக்கு உதவியான உபதேசியார் மட்டும் முகத்தைச் சுளித்தபடி கல்யாண வீடு வரைக்கும் எங்கள் கூடவே நடந்து வருவார்.

சினிமாப் பாட்டுக்கு அச்சிட்ட தாள் எங்கே கிடைக்கும்? அண்ணன் டீக்கடையில் கேட்டுவிட்டு வந்து வாசிப்பான். நான் அதைச் சோல்ஃபாவில் எழுதி மற்றவர்களுக்குக் கொடுப்பேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கெல்லாம் சோல்ஃபா தெரியும். ஸ்வரத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து, தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் நடுவே இரண்டு புள்ளி. கோயில் பாடகர் குழு நாலு குரலில் பாடுவது இதைப் பார்த்துத்தான். எண்ணத் தெரிந்தவனுக்கு அதைவிடச் சுகமான எழுத்து உலகத்தில் இல்லை.

அண்ணனுக்குப் பகலில் தும்புக் கிட்டங்கியில் வேலை. தேங்காய் நாரை நிறுத்து எடை எழுத வேண்டும். பள்ளி இறுதி வரை படித்தவன். வேறு வேலை கிடைக்கவில்லை. தும்புத் தூசி நெஞ்சில் இறங்கும். முன்பெல்லாம் ஒரு பாட்டின் முழு வரியை ஒரே மூச்சில் வாசிப்பான். அந்த வருஷம் வரியின் நடுவில் ஒரு தடவை மூச்சு எடுக்க ஆரம்பித்திருந்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தபடியால் எனக்குத் தெரிந்தது. அண்ணன் மனைவிக்கு, எங்கள் மைனிக்கு, எண்ணாமலே தெரிந்தது.

"ராத்திரி பூரா இருமுதாரு. இன்னும் ரெண்டு வருசம் தும்பு நிறுத்தா, அந்தக் கொழலை அடுப்பூதத்தான் எடுக்கணும்" என்றாள் என்னிடம்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூர்க்காரர் வந்தார். எங்கள் சபையைச் சேர்ந்தவர். அங்கே கடை வைத்துப் பெரிய ஆளானவர். கடை போக, ஒரு சீனரோடு கூட்டாக ஒரு பொழுதுபோக்குத் திடலில் மேடை எடுத்து நடத்தினார். அந்த மேடையில் தினமும் பாட்டு. ஒரு மணி நேரம் மலாய், ஒரு மணி நேரம் சீனம், ஒரு மணி நேரம் நம்முடையது. ஈஸ்டர் கழிந்து மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அண்ணனைப் பார்க்கக் கிட்டங்கிக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, நீ வாசிக்கது எனக்குப் பிடிக்கும். ஆனா அங்க கேக்கது நானும் நீயும் மட்டும் இல்ல, கேட்டியா. சீனன் உண்டு, மலாய்க்காரன் உண்டு, வெள்ளைக்காரன் உண்டு. எல்லாவனுக்கும் வெளங்கணும்."

"வெளங்கதுக்கு என்ன செய்யணும் மொதலாளி?"

"ஒம்போது பேரும் ஒரே வரியைப் பிடிச்சுத் தொங்குதியளே, அது ஆகாது. கோயில்ல பாடுத மாதிரி நாலு குரலா வரணும். பொறவு, நீ போடுத அந்த வளைவு நெளிவு. அதைக் கொஞ்சம் நிமித்திட்டா கொள்ளாம்."

அண்ணன் தும்புக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். "நிமித்திட்டா அது வேற பாட்டுல்லா மொதலாளி" என்றான்.

"எனக்க மகளுக்க கல்யாணத்துல வாசி. எனக்க கூட்டாளி கப்பல்ல வருதாரு. அவருக்குப் பிடிச்சா நீ சிங்கப்பூர் வரலாம். பிடிக்கல்லன்னா இந்தத் தூசியைத் தின்னுக்கிட்டு இங்கயே கெட."

அன்று முதல் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. அண்ணன் வளைவு நெளிவை இழுவை என்பான். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் இழைந்து போவது. கிளாரினெட்டில் அதற்கு, துளையை மூடிய விரலை ஒரேயடியாக எடுக்காமல் மெல்ல வழுக்கி எடுக்க வேண்டும். உதட்டையும் கூடவே தளர்த்த வேண்டும். பாகவதர் தொண்டையில் செய்வதை அவன் விரலில் செய்தான். அதற்குச் சோல்ஃபாவில் எழுத்து கிடையாது. அதுவரை அது எங்களுக்கு ஒரு பிரச்சினையாக இருக்கவுமில்லை. எல்லோரும் அவன் வரியையே வாசித்ததால், அவன் இழுத்தால் எட்டுப் பேரும் பின்னால் இழுபட்டுப் போவோம்.

நாலு குரல் என்றால் அப்படி முடியாது. அவரவர் வரி அவரவருக்கு. கல்யாணத்துக்காக ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து நான் எழுதினேன். காதலன் தோட்டத்தில் காதலியைத் தேடி அலைகிற பாட்டு. சொப்ரானோ வரி அண்ணனுக்கு, ஆல்டோ இரண்டாவது கிளாரினெட்டுக்கு, டெனர் கார்னெட்டுகளுக்கு, பேஸ் யூஃபோனியத்துக்கு. அதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அண்ணன் தாளை வாங்கி வாசித்துப் பார்த்தான். மூன்றாவது வரியில் நின்றான்.

"ஏலே, இந்த இடத்துல இருந்த இழுவை எங்க?"

"அதுக்கு எழுத்து கெடையாது. அது போய்ச் சேருத ஸ்வரத்தை எழுதியிருக்கேன்."

"எழுத்து இல்லேன்னா ஆளையே விட்டுட்டுப் போயிருவியா?"

"மொதலாளி நிமித்தச் சொன்னாருல்லா?"

அவனுக்குக் கோபம். ஆனால் அதற்குள் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்தபின், "செரி, இப்படியே வாசிப்போம். போவணும்லா" என்றான்.

கல்யாணத்தன்று கோயிலில் கீர்த்தனை வாசித்தோம். ரோட்டில் வழக்கம்போல இரண்டு சினிமாப் பாட்டு. பந்தலில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் சிங்கப்பூர்க்காரர். பக்கத்தில் அவருடைய சீனக் கூட்டாளி, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக. தாள்களைப் பிரித்துக் கிளிப்பில் மாட்டிக்கொண்டு நாங்கள் ஆரம்பித்தோம். எல்லோரும் தாளைப் பார்த்து வாசித்ததால் வேகம் தானாகக் குறைந்தது. ஆனால் நாலு குரலும் சுத்தமாகச் சேர்ந்து வந்தன.

முதல் வரி முடியுமுன் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். எங்கள் ஜனங்கள் பிறந்தது முதல் நாலு குரலைக் கோயிலில்தான் கேட்டிருக்கிறார்கள். அது தொடங்கினால் எழுந்து நிற்க வேண்டும். கால் அதற்குப் பழகியிருந்தது. வரிசை வரிசையாக எழுந்தார்கள். மாப்பிள்ளை எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெண் எழுந்தாள். பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருந்த இந்துக் குடும்பத்தார் இதென்ன என்று பார்த்துவிட்டு மரியாதைக்கு அவர்களும் எழுந்தார்கள். சமையல்காரர்கள் சட்டுவத்தோடு வெளியே வந்து தலை குனிந்து நின்றார்கள். சீனர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எழுந்து நிற்பவர்களைப் பார்த்ததும் கார்னெட்காரர்களுக்குப் பக்தி வந்துவிட்டது. வேகம் இன்னும் குறைந்தது. தோட்டத்தில் காதலியைத் தேடிக் களைத்து, கடைசி வரியை நீட்டி முடித்தோம்.

"ஆமென்" என்றார் உபதேசியார், கணீரென்று.

பந்தல் முழுவதும் "ஆமென்" என்றது.

அடுத்த நொடி அடுப்பங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏ மக்கா, இது அவன் குட்டியைத் தேடித் தோட்டத்துல அலையுத பாட்டுல்லா!"

அப்புறம் எழுந்த சிரிப்பில் பந்தல்காலே ஆடியது. உபதேசியார் மட்டும் விடவில்லை. "நான் என்னத்தக் கண்டேன்? நாலு குரல்ல வந்துது, ஆமென் சொன்னேன். கொறை சொல்லணும்னா அவனுவளைச் சொல்லுங்க" என்று எங்களைக் கை காட்டினார்.

அண்ணன் சிரிக்கவில்லை. சிங்கப்பூர்க்காரரையே பார்த்தபடி நின்றான். சீனர் அவரிடம் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு நன்றாகக் கேட்டது. இது கோயில் பாட்டு அல்லவா, எங்கள் தெரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்பேன் என்றார். குறையாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கென்று ஒருவனைக் கப்பலேற்றிக் கூட்டிப்போவார்களா? எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று எழுதினோம். அவருக்கு விளங்கிவிட்டது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றுதான் விளங்கியது.

அண்ணன் முன்னால் போனான். "மொதலாளி, இன்னொரு தடவை வாசிக்கேன். பிடிக்கல்லன்னா பொறவு கேக்க மாட்டேன்."

"சோறு வெளம்பணும்லா தம்பி."

"சோறு ஆறாது மொதலாளி. ஒரே பாட்டு."

சிங்கப்பூர்க்காரர் கூட்டாளியை ஒரு தடவை பார்த்தார். சரியென்று தலையசைத்தார். அண்ணன் எங்களிடம் திரும்பினான். வரியை மறுபடியும் ஒன்றாக்கி, பழையபடி வாசிக்கச் சொல்லப்போகிறான் என்று நினைத்து எல்லோரும் தாளை மடிக்கப் போனார்கள்.

"தாளை விடாதீங்க. அதுல உள்ளதை அப்படியே வாசிங்க. நான் மட்டும் எனக்க வழியில வருவேன். நான் இழுக்கும்போது அந்தந்த ஸ்வரக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டே நில்லுங்க. வந்து சேந்ததும் போவலாம்." பிறகு என்னிடம், "நீ எண்ணாத" என்றான்.

"எண்ணாம எப்படி அடிக்க?"

"எனக்க தோளைப் பாரு."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பந்தலில் வைத்து அண்ணனோடு சண்டை போட முடியுமா? பார்த்தேன். மூச்சை உள்ளே எடுத்தபோது தோள் உயர்ந்தது. தாளம் இல்லாமல் முதல் சொல்லை மட்டும் இழைத்து இறக்கினான். கீழே கார்னெட்டுகளும் யூஃபோனியமும் கட்டையைப் பிடித்து நின்றன. நான் எழுதிய அதே ஸ்வரங்கள்தான். ஆனால் இப்போது அவை பாட்டுக்குத் தரையாக இருந்தன. அண்ணன் அதன்மேல் நடந்தான், வழுக்கினான், நின்றான். தோள் இறங்கியதும் நான் டிரம்மில் கை வைத்தேன். பாட்டு ஓட ஆரம்பித்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுந்து நின்ற பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். அடுப்பங்கரைக் குரல் கூடவே பாடியது. மூன்றாவது வரியின் இழுவை வந்தபோது மற்ற ஊதுகிறவர்கள் ஐந்து பேரும் அவரவர் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவன் மெதுவாக இறங்கி வந்து சேரும்வரை. நடுவில் ஒரு தடவை அவனுக்கு மூச்சு முட்டியது. எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

முடிந்ததும் சீனர் எழுந்து நேரே அண்ணனிடம் வந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாது. மூன்றாவது வரியின் அந்த இடத்தைத் தொண்டையில் இழுத்துக் காட்டினார். கொஞ்சம் தட்டையாகத்தான் வந்தது. ஆனால் அந்த இடமேதான். அண்ணன் அதை வாசித்துக் காட்டினான். இன்னொரு தடவை என்று விரல் காட்டினார். மறுபடி வாசித்தான். சீனர் தலையைப் பின்னால் சாய்த்து உரக்கச் சிரித்தார். ஒரு பண்டத்தை முதல்முதலாகத் தின்று பார்த்தவன் சிரிப்பதுபோல.

"பிடிச்சுப்போச்சு" என்றார் சிங்கப்பூர்க்காரர், சோறு விளம்பிய பிறகு எங்களிடம் வந்து. "ஆனா ஒரு காரியம் உண்டு தம்பி. அங்க உனக்க கூட வாசிக்கது பிலிப்பைன்காரனுவ. கெட்டிக்காரனுவதான். ஆனா சோல்ஃபா தெரியாது, அஞ்சு கோட்டுல எழுதணும். உனக்க தோளைப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டானுவ. தாள்ல உள்ளதை வாசிப்பானுவ, அவ்வளவுதான். தாள் இருந்தா வா. இல்லேன்னா நீ ஒத்தைக்கு ஊதுததைக் கேக்க அங்க ஆள் வராது."

வெள்ளைக்காரர்கள் ஐந்து கோட்டின் மேல் எழுதும் அந்த எழுத்தும் எனக்குத் தெரியும். ஆறு பாட்டு எழுதுவதென்று முடிவு செய்தோம். மற்றவர்களின் வரியை எழுதுவது எளிதாக இருந்தது. அண்ணன் இழுக்கும் இடங்களில் அவர்கள் என்ன செய்வார்கள்? முதலில், இழுவையைப் பொடி ஸ்வரங்களாக உடைத்து எழுதினேன். ஒரு அடியை எட்டாகப் பிரித்து, ஸ்வரத்துக்கு ஸ்வரம் கணக்குப் பார்த்து. அவன் அதை வாசித்துக் காட்டினான்.

"கேட்டியா? படி எறங்குது. நான் வழுக்குதேன்லே."

அடியைப் பதினாறாகப் பிரித்தேன். படி இன்னும் சின்னதாயிற்று, அவ்வளவுதான். மைனி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இது கொளந்தை திக்கித் திக்கிப் பேசுத மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"எனக்க இழுவையை எழுதாத" என்றான் அண்ணன். "அது எனக்கட்ட இருக்கட்டும். அவனுவளுக்க வரியில அந்தக் கட்டையை எழுதி, காத்து நிக்கணும்னு மட்டும் எழுது."

"எத்தனை அடி காத்து நிக்கணும்?"

"நான் வந்து சேருத வரைக்கும்."

"அப்படி எழுத முடியாது. ஒரு எண்ணிக்கை வேணும். நாலுன்னு எழுதட்டா? ஆறா?"

"எண்ணிக்கை எழுதினா அவனுவ எண்ணுவானுவ, மக்கா. என்னைக் கேக்க மாட்டானுவ."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். எண்ணிக்கை இல்லாத ஒரு அடியை எழுதுவது எனக்குக் கணக்கில் ஓட்டை விடுவதுபோல இருந்தது. ஆனால் பந்தலில் நானே எண்ணாமல்தானே அடித்தேன்? திரும்ப வந்து, ஒவ்வொரு இழுவைக்கும் கீழே நின்று ஒலிக்கும் ஸ்வரத்தை எழுதி, அதன்மேல் பெரிய ஆங்கில எழுத்தில் 'வெயிட்', காத்திரு, என்று எழுதினேன். ஆறு பாட்டில் பதினேழு இடங்கள். பிலிப்பைன்காரர்களின் ஏழு வாத்தியங்களுக்கும் தனித்தனித் தாள்.

சிங்கப்பூர்க்காரர் தாள்களைச் சீனரிடம் காட்டினார். சீனர் ஒவ்வொன்றாகப் புரட்டி அந்தச் சொல்லில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். பிறகு அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆனி மாதம் அண்ணன் புறப்பட்டான். நாகர்கோவிலிலிருந்து பஸ், பிறகு ரயில், பிறகு நாகப்பட்டினத்தில் கப்பல். பஸ்ஸில் ஏறுமுன் மைனி, "அங்க தும்புத் தூசி இல்லேன்னு சொன்னாங்க. இருந்தா அடுத்த கப்பல்ல வந்துரணும், கேட்டியளா" என்றாள். அவன் கிளாரினெட் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டான். அவன் போனபின் எங்கள் செட்டில் எட்டுப் பேர்தான். நான் பழையபடி எண்ணியே அடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்வதாகப் பேச்சு நடந்த சமயத்தில், சிங்கப்பூர்க்காரர் கடையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. நான் எழுதிய தாள்கள். கை பட்டுப் பட்டு ஓரம் கிழிந்துவிட்டதாம். புதிதாக எழுதி அனுப்ப வேண்டும் என்று அண்ணன் கூடவே வைத்த கடுதாசியில் கேட்டிருந்தான். இருமல் நின்றுவிட்டதாம். முழு வரியையும் ஒரே மூச்சில் வாசிக்கிறானாம். தோட்டத்துப் பாட்டுக்கு நடுவில் டிரம் மட்டும் தனியாக ஓடும் ஒரு இடம் உண்டு. அதைக் கேட்டதும் பிலிப்பைன் டிரம்காரர் இது எங்கள் ஊர்த் தாளம் என்று பிடித்துக்கொண்டாராம். ஆனால் மூன்றாவது வரிக்கு மட்டும் அண்ணனைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டியிருக்கிறது என்கிறாராம். சினிமாவில் அந்தத் தாளம் எங்கிருந்து வந்ததோ, யாருக்குத் தெரியும்? வந்தது, தங்கியது. பாட்டு நம்முடையதாகவே இருந்தது.

தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் 'வெயிட்' என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் பென்சிலில் ஒரு வளைவு வரைந்திருந்தார்கள். டிரம்பெட்காரர் வரைந்தது அலைபோல இருந்தது. பேஸ்காரர் வரைந்தது தூண்டில் முள்போல. இன்னொருவர் பக்கத்தில் நாலு, ஐந்து என்று இலக்கம் எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு வளைவைப் போட்டிருந்தார். ஒரு கை வரைந்ததுபோல இன்னொரு கை வரையவில்லை. எல்லாம் அண்ணன் இறங்கி வருகிற வழியைத்தான் வரைந்திருந்தன.

ஐந்தாவது பாட்டில் நான் ஒன்றும் எழுதாத ஓர் இடம். அங்கே யாரோ தாமாகவே, அதே ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்தில் எழுதி அடிக்கோடு இட்டிருந்தார்கள். கிளாரினெட் வரியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் அண்ணன் எங்கள் ஊரில் இழுத்ததில்லை. அங்கே போய்ப் புதிதாக இழுத்திருக்கிறான். அவர்களும் நின்று கேட்டிருக்கிறார்கள்.

புதுத் தாளை எடுத்து முதல் பாட்டிலிருந்து எழுத ஆரம்பித்தேன். வளைவுகளையும் அவரவர் போட்டபடியே போட்டேன். ஐந்தாவது பாட்டில் அந்த இடம் வந்ததும் அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதினேன். எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு.